இறங்காத சீட்

தண்டையார்பேட்டைக் காயலான் கடையில்
கிலோ நாற்பதென்று நிறுத்துப் போட்டார் காதர் பாய்.
பதின்மூன்று கிலோ. ஐநூற்றி இருபது.
தொண்ணூற்றிரண்டில் கப்பலில் வந்த மலை சைக்கிளாம்.
எதைக் கேட்டாலும் கப்பல்தான் அவருக்கு.

துருவுக்கு எலுமிச்சை, செயினுக்கு மண்ணெண்ணெய்.
கட்டைவிரல் கியருக்குள் கல்லாகிப்போன கிரீஸை
மூன்று ராத்திரி ஊசியால் கிண்டினேன்.
எல்லாம் வழிக்கு வந்தது, சீட்டைத் தவிர.
வெந்நீர், ஐஸ், சுத்தியல்,
வெல்டிங் கடை சவரியின் கெட்ட வார்த்தை,
எதற்கும் இறங்கவில்லை.
எவனோ ஒரு நெட்டையன்
தன் கால் நீளத்தை
அதில் விட்டுப் போயிருக்கிறான்.

நம்ம பக்கம் மலை ஏது?
எண்ணூர்ச் சாம்பல் மேடுதான்.
ஞாயிறு விடியலில் ஏழு கிழட்டு வண்டி,
தலைக்கு இருநூறு.

ஏற்றத்தில் மற்றவர்கள்
உட்கார்ந்தும் எழுந்தும் திணறினார்கள்.
எனக்கு உட்கார வழியே இல்லை.
நின்றே மிதித்தேன்.
உச்சியில் நான்தான் முதல்.
இந்தப் பக்கம் புகைபோக்கி, அந்தப் பக்கம் கொசஸ்தலை,
நடுவில் என் மூச்சுச் சத்தம்.

பிறகு சமதரை.
ஒரு கிலோமீட்டர் நின்று மிதித்துப் பார்,
தொடை யாருடையதோ ஆகிவிடும்.
நாலாவது.

ஜெயித்த ரெஜினால்டு
பல்லெல்லாம் சாம்பலாகச் சிரித்தான்:
"குழாய அறுத்துடு புளோரா, அஞ்சு நிமிஷ வேலை."

ஆக்சா பிளேடு வாங்கியாயிற்று.
ஆணியில் தொங்குகிறது.
இன்று காலையும்
பிளாட்பாரக் கல்லில் கால் ஊன்றித்தான்
ஏறினேன்.