ஒன்று புள்ளி எட்டு கிராம்

செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு எடைபோடும் தராசை
மாதம் ஒரு ஞாயிறு மலைக்குத் தூக்கிப்போகிறேன்.
கடையில் கேட்டால் சர்வீஸுக்கு என்பேன்.
கஸ்பார் வீட்டு டர்ன்டேபிளில் ஊசியின் கனம்
ஒன்று புள்ளி எட்டு கிராம் நிற்க வேண்டும்.
கூடினால் தட்டு தேயும்,
குறைந்தால் ஊசி வரி தாண்டும்.
கைக்குழந்தைக் கொலுசில் உதிர்ந்த
நாலு முத்தின் எடை அது.
இப்படிச் சொன்ன அன்றுதான்
என்னையும் ஆளாகச் சேர்த்துக்கொண்டார்கள்.

நாலு பேர். ஆளுக்கு ஒரு பக்கம்.
ஊசி எழும்வரை பேச்சில்லை, முறுக்கும் இல்லை.
முறுக்குத் தடை வேதமூர்த்தியால் வந்தது.

சூரமங்கலத்தில் கூட்ஸ் கார்டு அவர்.
பாஸ் மட்டும்தான் கேட்பார்.
ட்ரம்பெட் எந்த உச்சிக்கு ஏறினாலும்
அந்தத் தடித்த கம்பிக்காரன் எங்கே நடக்கிறான் என்று
கடைசிப் பெட்டியிலிருந்து எட்டிப் பார்ப்பவர்போல் உட்கார்ந்திருப்பார்.
ஃபேர்லாண்ட்ஸில் பல் டாக்டர் தில்ஷாத்.
பழந்தட்டில் மரப்பசை பூசி, காய்ந்ததும் உரித்து
வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பாள்:
"சொத்தை இல்ல. கறைதான்."
கஸ்பார் வாங்கிய விலையை
மனைவியிடம் பாதியாக்குவார்,
எங்களிடம் இரட்டிப்பாக்குவார்.

இந்த முறை அவர் எடுத்தது லேபிள் உரிந்த ஒன்று.
எந்த ஊர்க்காரர்கள், எந்த வருஷம், தெரியாது.
எஸ்டேட் பங்களா ஒன்றைக் காலிசெய்தபோது
சாப்பாட்டுத் தட்டுகளுக்கு நடுவில் இருந்ததாம்.

முதலில் டிரம்மில் பிரஷ்.
தூளித்துணியில் ஈரமாவை ஆட்ட ஆட்ட
ஜவ்வரிசி உருண்டு திரளுமே, அந்தச் சரசரப்பு.
சேகோ மில்லில் இரண்டு வருஷம் இருந்தவள் நான்,
என் தோள்பட்டைக்கு அது உடனே புரிந்துவிட்டது.
அதன்மேல் சாக்ஸபோன்.
சொல்ல வந்ததை விட்டு வேறெதையோ சொல்லி
"அதில்லை, அதில்லை" என்று திரும்பி
கிட்டத்தட்ட அதைச் சொல்லிவிட இருந்தபோது

கரண்ட் போனது.

ஆம்ப் அடங்க, தட்டு தளர,
அவன் குரல் மட்டும் ஈயாகி
கீழே கீழே இறங்கி நின்றது.
வெளியே சில்வர் ஓக்கில் மழை.
கஸ்பார் மெழுகுவத்தி தேடிப் போனார்.
"கையை எடுக்காதீங்க" என்றாள் தில்ஷாத்
யாருமே கை வைக்காதபோது.
அவளே வைத்தாள். ஆள்காட்டி விரலை
நடுவில், லேபிள் இருந்த இடத்தில்,
பல் ஆடுகிறதா என்று பார்க்கிற அழுத்தத்தில்.
சுற்றினாள்.

ஊசியே பாடியது.
ஸ்பீக்கர் இல்லை, வயர் இல்லை,
தீப்பெட்டிக்குள் அடைத்த ஒரு பேண்ட்.
நாலு தலையும் குனிந்து முட்டிக்கொண்டன.
கஸ்பாரின் மெழுகுவத்தியை யாரோ ஊதி அணைத்தோம்,
திரி எரியும் சத்தம் இடைஞ்சலாக இருந்தது.

கஸ்பார் சுற்றியபோது அவன் அவசரக்காரன் ஆனான்.
நான் சுற்றியபோது மூன்று இடத்தில் அழுதான்,
அது என் மணிக்கட்டு.
வேதமூர்த்தி விரல் வைத்ததும்
கூட்ஸ் வண்டி யார்டைத் தாண்டிய பிறகு
ஒரே சீராகப் போகுமே, அப்படி.
பாஸ் சுத்தமாகக் கேட்கவில்லை.
ஊசியில் அந்த ஆழம் வராது.
அவர் இல்லாத பாஸுக்குத் தலையாட்டிக்கொண்டே
சுற்றிக்கொண்டிருந்தார்.

எவ்வளவு நேரமோ.
ஃப்ரிட்ஜ் உறுமியது, ட்யூப்லைட் துடித்தது,
ஸ்பீக்கர் அறையை அறைந்தது.
சட்டென்று தலைகளை எடுத்துக்கொண்டோம்,
யார் தலையில் தேங்காயெண்ணெய்
யார் வாயில் காபி
என்று தெரிந்துவிட்டவர்களின் கூச்சத்தோடு.
மீதியை முழுச் சத்தத்தில் கேட்டோம். நன்றாகத்தான் இருந்தது.
அவன் அதைச் சொன்னானா என்று நான் கவனிக்கவில்லை.

கடைசி பஸ். இருபது கொண்டை ஊசி.
மடியில் தராசை அணைக்க மறந்திருக்கிறேன்.
ஒவ்வொரு திருப்பத்துக்கும் எண்கள் ஏறி இறங்குகின்றன.
அடுத்த மாதம் என் பக்கம்.
பேட்டரி மாற்ற வேண்டும்.