மூன்று பிரி

ரெய்ஸ்தார்ப்பில் என் அச்சுக்கூடத்துக்குச்
சனிக்கிழமை வந்தாள் ஹெஸ்டர் ஃபென்டர்.
தேவாலயச் சந்தைக்கு இருநூறு லேபிள்.
கூக்சிஸ்டர்.
நடுவில் ‘க்’ விட்டுப்போகக் கூடாது என்றாள் இரண்டு முறை.
மூன்று பிரி மாவைப் பின்னிப் பொரித்து
அந்தச் சூட்டோடே
ஐஸ் போலக் குளிர்ந்த பாகில் அமுக்குவது.

சிஸ்டர் யார் என்று கேட்டேன்.
யாருமில்லையாம்.
எண்ணெயில் மாவு விழும் ‘உஸ்ஸ்’தான்
டச்சுக்காரன் வாயில் ‘சிஸ்’ஸாகி
பிறகு யாரோ அதற்குப் பாவாடை உடுத்திவிட்டார்களாம்.

அட்டை வெட்டும் கதீஜா கேப்டவுன்காரி.
கத்தியை நிறுத்தாமலே சொன்னாள்:
எங்கள் வீட்டில் ‘க்’கும் இல்லை, பின்னலும் இல்லை.
ஞாயிற்றுக்கிழமை காலை, ஏலக்காய், சோம்பு,
மேலே தேங்காய்ப்பூ.
வம்பு பேசிக்கொண்டே சுட்ட இரண்டு சகோதரிகள்
இருக்கத்தான் இருந்தார்கள்.

இருவரும் என்னைப் பார்த்தார்கள்,
நான் என்னவோ ஜட்ஜ் மாதிரி.
என்னிடம் இருந்தது ஒரே ஒரு சொல்.
டர்பன் கடைகளில் ‘மர்கூ’ என்று தொங்குகிறது அது,
று நசுங்கி,
பிழிந்தால் நேர்நேர் குச்சியாய் விழுந்து.
முறுக்கே இல்லாத முறுக்கு.

அந்த முறுக்கெல்லாம் எங்கே போயிற்று?
சித்தப்பா மீசைக்குக் கொஞ்சம்.
பிழிந்த ஈரத்துணிக்குக் கொஞ்சம்.
மீதி மொத்தமும் என் அக்கா சவுந்தரிக்கு.
அம்மாவின் தையல் மெஷினை நான் எடுத்துக்கொண்டதற்கு
முறுக்கிக்கொண்டு போனவள்.
பதினோரு மாதமாகிறது.

கயிற்றின் ஒற்றை இழையைப் பிரி என்கிறோம்,
விலகிப் போவதையும்.
ஹெஸ்டரிடம் இதைச் சொல்ல ஆரம்பித்து
பாதியில் விட்டேன்.
அவள் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தாள்.

இருநூற்றில் மூன்று லேபிள் கோணல்.
மாதிரிக்கென்று அவள் வைத்துப்போன பெட்டியிலிருந்து
பாகு ஒழுகி பில் புத்தகம் ஒட்டிக்கொண்டது.
கதீஜா ஒன்றைக் கடித்தாள்.
“தப்புதான். ஆனா நல்லாருக்கு.”

மிச்சப் பெட்டியில் கோணல் லேபிளை ஒட்டி
நார்த்டேல் வரை ஓட்டிப்போனேன்.
கேட் திறக்கவில்லை. நாய் வந்தது.
மாடியில் திரை அசைந்த மாதிரி இருந்தது, காற்றாகவும் இருக்கலாம்.
தபால்பெட்டி மேல் வைத்துவிட்டு வந்தேன்.
அவள் எடுக்காவிட்டால் எறும்பு எடுக்கும்.

ராத்திரி பத்தரைக்கு போன் ஒளிர்ந்தது.
பெயர் போடவில்லை, ஹலோ இல்லை:
“லேபிள் கோணல்.
மெஷின் ஓடுதா?”