தொடாதே என்று எழுதியிருந்த வரி

ஷட்டரை முக்கால்வாசி இறக்கியாயிற்று.
கருங்கல் சந்திப்பில் கடைசிப் பேருந்தும்
தண்ணீரை வாரியடித்துவிட்டுப் போயிற்று.
நாளை ஞாயிறு. இருந்த ஒரு ஃப்ளெக்ஸ் ஆர்டரையும்
மாங்கரைக்காரர் தள்ளிப்போட்டார்,
இந்த மழையில் பால்காய்ச்சு வேண்டாமென்று.

புது பிரிண்டர் வந்து ஒரு மாதம்.
பிளாஸ்டிக் உறைகூடக் கழற்றவில்லை.
கடையில் ஓடும் நிலையான பதிப்புக்கு
அதன் பாஷை தெரியாது.
சோதனையில் இருக்கும் அடுத்த பதிப்புக்குத் தெரியுமாம்.
அந்த 'ஆம்' ஒட்டில்தான் என் வெப்ராளம் எல்லாம்.

போன சனிக்கிழமையும் உட்கார்ந்தேன்.
நீக்கப்படுபவை: இருநூற்றுப் பன்னிரண்டு என்றது.
இல்லை என்று தட்டிவிட்டு
வீட்டுக்குப் போய் மரச்சீனியும் சாளைக்கறியும் தின்று
தூங்கினேன்.
ஏழு நாளில் அங்கே யாரோ எதையோ சரிசெய்திருக்கிறார்கள்.
இன்று மூன்று.
மூன்றின் பெயரையும் வாய்விட்டு வாசித்தேன்.
ஒன்றும் எனக்கு உறவில்லை.

நகல் ஒன்று மேசை இழுப்பறையில்,
இன்னொன்று செல்வின் வீட்டு அலமாரியில்,
ரப்பர் ஷீட் புகை எட்டாத மேல்தட்டில்.
எடுத்தது நகல்தானா என்று திறந்தும் பார்த்தேன்:
பத்து வருஷத்துக்கு முந்தைய சபை அசன நோட்டீஸ்
ஒரு கொம்புகூட முறியாமல் எழுந்து வந்தது.

எல்லாவற்றையும் இறக்கி வைத்த பிறகே
நிறுவத் தொடங்கினேன்.
நட்டாலம் பக்கம் மரம் விழுந்து இணையம் போனபோது
எனக்கு அதனிடம் வேலை முடிந்திருந்தது.
கரண்டும் போயிற்று.
இன்வெர்ட்டர் ஒருமுறை முனகிவிட்டுச் சுமந்தது.

வரிகள் ஓடின, ஓடின,
சட்டென்று நின்று ஒரு கேள்வி:
இந்தக் கோப்பை நீ மாற்றியிருக்கிறாய்.
உன்னுடையதை வைக்கவா, புதியதை இடவா,
வித்தியாசத்தைக் காட்டவா?

கல்யாணத்தின்போது இப்படி யாரும் கேட்கவில்லை.

காட்டு என்றேன்.
சிவப்பு ஆரஞ்சாகச் சாய்ந்த ஒரு கோடையில்
நான் திருத்திய நாலு எண்கள்.
அவற்றின் தலைமேல் என் கையாலேயே
# ஜாஸ்பர் சொன்னான். ஏன்னு தெரியாது. தொடாதே.

ஜாஸ்பர் இப்போது மஸ்கட்டில்.
அங்கே இன்னும் பதினொன்று ஆகியிருக்காது,
அழைக்கலாம்.
அழைக்கவில்லை.
என்னுடையதையே வைத்தேன்.

மறுதொடக்கம்.
திரை கறுத்தது.
முப்பது வரை எண்ணினேன், நாற்பது,
ஓட்டுக்கூரையில் மழை என்னைவிட வேகமாக எண்ணியது.
பழைய கர்னல் மெனுவின் இரண்டாம் வரியில் இருக்கிறது,
அழிக்கவில்லை, அழிக்கவில்லை
என்று சொல்லிக்கொண்டே விரலை அம்புக்குறிமேல் வைத்தேன்.

ஐம்பத்தாறில் கடவுச்சொல் கேட்டது.

பிரிண்டரின் உறையைப் பல்லால் கிழித்தேன்.
முதல் தாள். நீலம் சரி. கறுப்பு சரி.
சிவப்பு
கொஞ்சம் ஆரஞ்சு.

இது வேறு பிரிண்டர், வேறு மை,
நாலு எண்களும் அந்தப் பழையதற்கானவை.
நாளை பார்க்கலாம்.
கோப்பைத் திறந்து, ஜாஸ்பர் வரிக்குக் கீழே
இன்னொரு வரி சேர்த்தேன்:
# தொடலாம். நகல் இருக்கு. ரெஜிலா.