ஈடு

பாகப்பிரிவினைப் பட்டியலில் நூற்றுப் பதினேழு:
"கண்ணாடிக் கூண்டு, பித்தளைச் சட்டம், ஒன்று.
உபயோகம் தெரியவில்லை."
எழுதியவன் சித்தப்பா மகன் வயிரவன்.
வீட்டில் அவனுக்கு நாற்பத்தெட்டில் ஒரு பங்கு.
எனக்கும் அதே.

தேவகோட்டையில் கடல் கிடையாது.
இரண்டாங்கட்டு மூலையில் அது கிடந்தது.
சின்ன வயதில் உள்ளே தலையை விட்டு
முகம் பதினாறாய்ச் சிதறுவதைப் பார்த்துச் சிரித்திருக்கிறோம்.
இவ்வளவு பெரிய கண்
எந்த முகத்தில் இருந்ததென்று ஒருவரும் கேட்டதில்லை.

பேரேட்டில் இருந்தது.
கீலக வருஷம், ஆவணி ஏழு.
பிள்ளையார் சுழிக்குக் கீழே எறும்பு ஊர்ந்த எழுத்து:
நாரைத்திட்டு வெளிச்சக்காரன் சந்தியா பர்னாந்து
எண்ணெய்க்காகப் பற்று, ரூபாய் நூற்று நாற்பது.
ஈடு: விளக்கு.

மறுபடி படித்தேன்.
எரிக்க எண்ணெய் இல்லாதவன்
எரிகிறதையே அடகு வைத்திருக்கிறான்.

திட்டின் சரித்திரம் முழுக்கச் செலவாகவே கிடக்கிறது.
விளம்பியில் சுண்ணாம்பு, பவளக்கல், கொத்தனார் ஆறு பேர்.
விகாரியில் பிரான்சுக் கண்ணாடி,
புதுச்சேரி வழியாக, வைக்கோல் பொதிந்து.
சார்வரியில் முதல் வெளிச்சம்;
தொண்டிக் கரையில் வாணம் விட்ட வகையில் கால் ரூபாய்.
அப்புறம் தோணிக்கு இரண்டணா மகமை.
குரோதியிலிருந்து மகமை நின்றது.
வெளிச்சம் எல்லார் மேலும்தானே விழுகிறது,
நான் மட்டும் ஏன் தர வேண்டும் என்று
எல்லாரும் கேட்டிருக்கிறார்கள்.

புரட்டாசி முடிய வட்டி வரவில்லை.
அடுத்தாள் புறப்பட்டுப் போனான்.
ஏணி, கயிறு, சாக்கு.
வண்டி வாடகை ஒன்றேகால்,
வழியில் மாட்டுக்குப் பருத்திக்கொட்டை.
ஐப்பசி மூன்றாம் தேதி விளக்கு வீடு வந்தது.

ஐப்பசி பதினாலு.
இந்தக் கட்டுக்கென்றே ரங்கூனில் வாங்கிய தேக்கு,
நாகப்பட்டினத்தில் தோணி மாற்றி ஏற்றியது,
நாரைத்திட்டுப் பாறையில்.
கணக்குப்பிள்ளைக்குக் கை நடுங்கவில்லை.
நட்டம்: தோணி ஒன்று.
வரவு: தூண் எட்டு. மிதந்து கரை சேர்ந்தது. உப்பு ஏறியது.
ஆள் ஏழு.
அதற்கு நேரே தொகைக் கட்டம் காலி.

அந்தத் தூண் ஒன்றில் சாய்ந்துதான்
படித்துக்கொண்டிருந்தேன்.
மழைக்காலத்தில் வேர்க்கும் தூண்.
பர்மாத் தேக்கென்றால் அப்படித்தான் என்பார்கள்,
துணி கொண்டு துடைப்பார்கள்.
ஆறு வயதில் நக்கிப் பார்த்திருக்கிறேன்.
கரித்தது.

சௌமிய வருஷம் முதல்
தர்மக் கணக்கில் ஆண்டுக்கு ஒரு வரி:
திட்டுக்கு எண்ணெய், நாலு டின்.
காரணம் எழுதவில்லை.
விளக்கு இங்கே, எண்ணெய் அங்கே.
எதில் ஊற்றி எரித்தான் பர்னாந்து?
சட்டியிலா, உடைந்த தோணியின் வயிற்றிலா?
பன்னிரண்டு வருஷம் போனது எண்ணெய்.
பிறகு அந்த வரியும் இல்லை.

வயிரவன் போனில் வந்தான்.
காரைக்குடி பழம்பொருள் கடைக்காரர்
இரண்டேகால் லட்சத்துக்குக் கேட்கிறாராம்.
நாற்பத்தெட்டால் வகுத்து வைத்திருந்தான்:
நாலாயிரத்து அறுநூற்று எண்பத்தேழு ரூபாய், ஐம்பது காசு.
சரியாகத்தான் இருந்தது.
நான் ஏழை நாற்பத்தெட்டால் வகுத்தேன்.
என் பங்குக்கு ஒரு ஆளில்
ஏழிலொன்றும் துளியும் வருகிறது.
ஒரு கை இருக்கலாம்.

இரவு கரண்ட் போயிற்று.
போன் டார்ச்சை எரியவிட்டுக்
கூண்டுக்குள் வைத்தேன், சும்மா.
வெளிச்சம் என்னைத் தாண்டிப் பாய்ந்தது.
எட்டுத் தூணும் ஒரு கணம் நனைந்தாற்போல் நின்றன.
மூன்றாங்கட்டுக் கதவு திறந்து கிடந்தது,
அது வழியாகப் பின்தெருவுக்கு,
அங்கிருந்து எங்கோ.

"யாரது, வெளிச்சம் போடுறது?"
பின்தெருவில் ஒரு ஆண்குரல்.
வாய் திறக்கவில்லை நான்.
அணைக்கவும் இல்லை.