உரிமையாளர் பெயர்

திங்களன்று ஓனா கின்செல்லா வந்து
ஒவ்வொரு கழுத்திலும் இரண்டிடம் மழித்து
இரண்டு ஊசி போட்டாள்.
வியாழனன்று வந்து வீக்கத்தை அளந்தாள்.
மேலே நான்கு, கீழே பதினொன்று.
மில்லிமீட்டர்தான்.
அறுபத்து மூன்றில் ஒன்பது பசுக்களின் முதுகில்
சிவப்புக் கோடு விழுந்தது.
மருத்துவர்கள் அனுதாபத்தைப் பேச்சில் காட்டுவதில்லை.
ரப்பர் பூட்ஸை வழக்கத்தைவிட நிதானமாகக் கழுவினாள்.

நானூற்றுப் பதினேழு,
கொட்டகைத் தாழ்ப்பாளை மூக்கால் திறக்கத் தெரிந்தவள்,
லாரியில் ஏற்றிய பிறகும்
அதன் தாழ்ப்பாளை நக்கிப் பார்த்தாள்.

விக்லோ மலையில்
நாலரைக்கே இருட்டும் மாதம் இது.
ஸ்ப்ரூஸ் காட்டிலிருந்து இறங்குகின்றன சிக்கா மான்கள்.
அவற்றின் கழுத்தை யாரும் மழிப்பதில்லை,
காதில் மஞ்சள் தகடு அடிப்பதில்லை.
என் தொட்டியில் குடித்து
என் புல்லில் இருமி
வேலி தாண்டித் திரும்பும்போது
நாட்டின் அழகாகிவிடுகின்றன.

பசுவா, எங்கள் துறை என்றார்கள்.
மான் என்றால் பூங்காத் துறை.
மரம் வனத் துறை.
சாலையில் அடிபட்டுக் கிடந்தால் மாவட்ட மன்றம்.
இருமல் எந்தத் துறை என்றேன்.
தொலைபேசி எனக்கு ஃபிடில் வாசித்தது,
நாற்பது நிமிடம்.
எனக்குத் தெரிந்த துறைகளில்
மான்கள் நீர் குடிக்கும் துறை ஒன்றுதான்
இரவிலும் திறந்திருக்கிறது.

உயர வேலிக்கு மானியம் உண்டாம்.
சொல்லுக்குள் மான் நிற்கிறது,
கம்பியைத்தான் காணோம்.

பள்ளிக் கூடத்தில் கூட்டம் போட்டார்கள்.
அதிகாரிக்கு முப்பது வயது இருக்கும்.
மான்களின் பங்கு பற்றித் தரவு போதாது என்றான்.
எப்படிக் கிடைக்கும் தரவு, எழுந்து கேட்டார் லோர்கன் டாலன்.
மான்களைச் சோதித்தால்.
சோதிப்பீர்களா?
அதற்கு நிதி கேட்கத் தரவு வேண்டும்.
யாரும் சிரிக்கவில்லை.
பிறகு தேநீர் வரிசையில்
தன் அப்பாவுக்கும் மேயோவில் ஆட்டுப் பண்ணை என்றான்,
கண்ணைப் பார்க்காமல்.
அவன் காலணி நனைந்திருந்தது.
அவன்மேல் கோபம் வைக்கவும் வழியில்லாமல் போயிற்று.

சுடும் அனுமதி வந்தது, ஒன்பதும் போன பிறகு.
கலைமான் ஒன்று, மேல்வயலில்,
ஒரே குண்டு.
எனக்கு அதன்மேல் பகையில்லை.
பனியில் ஆவி பறக்க நெஞ்சைத் திறந்தேன்.
பட்டாணி பட்டாணியாகக் கட்டிகள்,
கீறினால் கெட்டித் தயிர்.
கத்தியைக் கீழே வைத்துவிட்டுக்
கையுறையோடு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

தலையையும் நெஞ்சுக் கட்டிகளையும்
மூன்று பைகளில் கட்டி உறைபெட்டியில் வைத்தேன்,
பட்டாணிப் பொட்டலத்துக்கும்
அட்ராக்டாவின் கிறிஸ்துமஸ் கேக்குக்கும் நடுவில்.
அவள் அன்றே பட்டாணியையும் கேக்கையும் வெளியே எறிந்தாள்.
பதினெட்டு நாள் என்னோடு பேசியதெல்லாம்
அந்தப் பெட்டியைப் பற்றித்தான்.

மாதிரி எடுக்க ஆள் வரும்,
முதலில் படிவம் நிரப்புங்கள் என்றார்கள்.
விலங்கின் இனம், நிரப்பினேன்.
இடம், நிரப்பினேன்.
உரிமையாளர் பெயர், பக்கத்தில் நட்சத்திரக் குறி.
காலியாக விட்டால் அடுத்த பக்கம் திறக்காது.
என் பெயரைப் போட்டால் நோய் என்னுடையதாகும்.
அரசாங்கம் என்று எழுதிப் பார்த்தேன்,
செல்லாத பதிவு என்று சிவந்தது திரை.
நோய்க்கு இத்தனை தாழ்ப்பாள் இல்லை.

அறுபது நாளில் மறுசோதனை.
மீதி ஐம்பத்து நான்கும்
கறவைக்கு வரிசையில் நிற்கின்றன.
கொட்டகைத் தாழ்ப்பாள்
ஒரு மூக்கு தேய்த்த இடத்தில் மட்டும் மினுங்குகிறது.
அவளுக்காகக் கட்டிய நீலக் கயிறு
இன்னும் அதில் தொங்குகிறது.
இன்றும் இரண்டு முடிச்சுப் போட்டேன்.
மலையில் ஒரு மான்
விசிலடிப்பதுபோலக் கத்தியது,
எந்தத் துறையையோ கூப்பிடுவதுபோல.