ஏழாம் வயல், முன்சான்

இரவு பத்தே முக்கால்.
இம்ஜின் ஆற்றுக்கு இப்பால் இராணுவ லாரி ஒன்று
விளக்கணைத்துப் போகிறது.
வரப்புத் தவளைகள் அவசரக்காரர்கள்,
மூச்சு வாங்காமல் கத்துகிறார்கள்.
வயலின் நடுவே, நாற்றை நாலு கையாலும் பற்றிக்கொண்டு
இன்னோர் இனம்: தாழ்ந்த குரல்,
தகரத்தைத் தட்டுவதுபோல், விட்டு விட்டு.
அவர்களைத்தான் தேடி வந்தேன்,
முழங்கால்வரை சேறு,
பல்லிடுக்கில் டார்ச்.

நுணலும் தன் வாயால் கெடும்.
இவனும் அப்படித்தான் அகப்பட்டான்.
கட்டைவிரல் அளவுகூட இல்லை.
கெடுத்த வாயையே திறந்து
பஞ்சுக்குச்சியால் ஒருமுறை துடைத்தேன், விட்டேன்.
அதே நாற்றுக்குத் திரும்பினான்,
கோபித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பாடவில்லை.
சீட்டில் எழுதினேன்:
முன்சான், வயல் ஏழு, ஆண்.
பெயருக்கு அதில் கட்டம் இல்லை.

வயல்காரர் பான் தொக்-சு
காப்பித்தூளை அதன் பொட்டலத்தாலேயே கலக்கியபடி
"எங்கள் வம்சப் புத்தகம் இருபத்தேழு தலைமுறை" என்றார்.
"அப்பன், அவன் அப்பன், அவனுக்கு அப்பன்.
தவளைக்கு அப்படி உண்டா?"
உண்டு, அப்பன்கள்தான் அதில் இல்லை என்றேன்.
சிரித்தார். காப்பி சிந்தியது.

திரையில் அது ஒரு வட்டம்.
தொடக்கப் புள்ளி நாங்கள் வைத்தது.
முப்பத்தேழு மரபணுக்கள்
கடைசிப் பேருந்தில்போல் இடித்துக்கொண்டு நிற்கின்றன.
எப்போதோ, இந்தத் தவளைகளுக்கெல்லாம் மூத்த ஒருத்தியிடம்
அச்சுக்கோப்பவன் கண்ணயர்ந்து
ஒரு வரியை இருமுறை கோத்துவிட்டான்.
பின்னால் வந்தவர்கள்
அங்கொன்றும் இங்கொன்றுமாய் உருவிப் போட்டார்கள்.
மிஞ்சியவை வரிசை மாறி நின்றன.
திருத்த ஆளில்லை.
மகளுக்கு, மகளின் மகளுக்கு,
எண்ணி முடியாத மழைக்காலங்கள்.
இப்போது அதுதான் சரியான பாடம்.

ஏழாம் வயலின் முடிவு செவ்வாய்க்கிழமை வந்தது.
குரல் நடுவயலுடையது.
உட்கரு நடுவயலுடையது.
வட்டம் மட்டும் வரப்புடையது.
குப்பி மாறிவிட்டதோ என்று மறுபடி செய்தேன்.
மூன்றாம் முறையும் செய்தேன்.
"மாற்றியது நீ இல்லை" என்றாள்
பக்கத்து மேசை வி ரான்-ஹீ.

ஆக, எத்தனையோ வேனிலுக்கு முன்
ஒருத்தி வரப்பிலிருந்து இறங்கி நடுத் தண்ணீருக்குப் போயிருக்கிறாள்.
தன்னவர்களின் அவசரப் பாட்டையெல்லாம் கடந்து
ஒரு தகரக் குரலை நோக்கி.
ஏனென்று வட்டத்தில் இல்லை.
அந்த ஆண்டு வரப்பு இடிந்திருக்கலாம்.
குரல் பிடித்திருக்கலாம்.
மகள்கள் நடுவிலேயே தங்கிவிட்டார்கள்.
வரப்பின் சாயல் பாதி கரைந்து, பாதியில் பாதி கரைந்து,
இது மட்டும் கரையாமல்.
தாயைத் தண்ணீர்த் துறையில் பார்த்தால் போதும் என்கிறார்கள்.
பார்த்தது யார்?

இரவெல்லாம் அவன் தொண்டைப் பை உப்புகிறதே,
அதற்கு எரிவது அந்த வட்டம்.
அப்பன் பாட்டு, அம்மாவின் அடுப்பு.
பிள்ளைகளுக்குப் பாட்டைக் கொடுப்பான்.
அடுப்பைக் கொடுக்க அவனால் ஆகாது.
தங்கை இருந்தால் சரி.

பானுக்குத் தொலைபேசியில் சொன்னேன்.
நெடுநேரம் நடவு எந்திரத்தின் சத்தம்தான் வந்தது.
"புத்தகத்தில் என் அம்மா
ஃபாப்யோங் ஊர், யுன் குலம் என்று இருக்கிறாள்.
அவ்வளவுதான் இருக்கிறாள்."
பிறகு, யாரோ எழுதிக்கொள்ளக் காத்திருப்பதுபோல்
எழுத்துக்கூட்டிச் சொன்னார்:
யுன் கப்-நான்.

கையில் உறை. கைக்கெட்டியது குப்பிச் சீட்டு.
எழுதி, ஏழாம் வயலின் மூடியில் ஒட்டி,
உறைபெட்டிக்குள் வைத்தேன்.
மறுநாள் ரான்-ஹீ கதவைத் திறந்து வைத்துக்கொண்டே கேட்டாள்,
குளிர் வெளியே புகைந்தது:
இது எந்த வயல்?