ஆணிக் கணக்கு

ஞாயிறு காலை ஐந்தரைக்கு வேப்பமூட்டில் கூடுகிறோம்.
எந்த வேம்பின் மூடு என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது.
நடத்துநர்கள்தான் அதைத் தினமும் கூவிக்
காப்பாற்றி வருகிறார்கள்.

முதல் வாரம் நாலு பேர்.
கொத்தனார் ஜெபசிங், கையில் ஆணிக்கோல்.
தபால் ஆபீஸ் ஸ்ரீகுமாரி, வீட்டுக் குறடு.
இளங்கடை மாகீன், கல்யாண மண்டபத்தில் இரவல் வாங்கிய ஏணி.
கணக்கு டீச்சர் என்பதால் என்னிடம் நோட்டு.

ஒரே தூங்குமூஞ்சி மரத்தில் நாற்பத்தொன்று.
மூலம் பவுத்திரத்துக்கு ஆறு.
மனை விற்பனைக்கு ஒன்பது.
இரண்டு வருடமாய்ச் சிரித்துக்கொண்டிருந்த
ஒரு கண்ணீர் அஞ்சலிக்கு நாலு. அதைக் கழற்ற
இறந்தவரின் மகனே வந்து ஏணியைப் பிடித்தான்.
அடுத்த வாரமும் வந்தான்.

புது ஆணி முனகாமல் வரும்.
பழையதைப் பட்டை பாதி விழுங்கியிருக்கும்.
"பைய மக்கா, பைய" என்பார் ஜெபசிங்,
மரத்திடமா ஆணியிடமா தெரியாது.
துளையில் மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்து
ஸ்ரீகுமாரி விரலால் அடைப்பாள்,
தபால் உறையில் பசை தடவுகிற அதே விரல்.
ஆணி விற்ற காசு டீக்குக் காணும்,
வடைக்குக் காணாது.

ஐந்தாம் வாரம், பார்வதிபுரம் பக்கம்,
ஒரு வாகையில் தகரம்.
'சுபிதா கணித வகுப்பு, எட்டு முதல் பன்னிரண்டு வரை.'
துருவுக்கு அடியில் என் பழைய கைபேசி எண்.
மூன்று மூலையில் ஆணி.
நான்காவது மூலையை மரம் தின்று மூடியிருந்தது.
மாகீன் வாசித்தான். என்னைப் பார்க்கவில்லை.
தகரத்தை மடித்துச் சாக்கில் போட்டான்.
அந்த மூன்றையும் நான் நோட்டில் ஏற்றவில்லை.
பழைய இரும்புக் கடைத் தராசுக்கு அது தெரியாது.

பிறகுதான் வெள்ளை பெயின்ட் வந்தது.
ஒன்று முதல் பதினொன்று வரை, மார்பு உயரத்தில்.
சாலை அகலமாகிறது.

திங்கட்கிழமை மனுவோடு வரிசையில் நின்றோம்.
"அப்ப ரோடு வேண்டாமா?" என்றார் அதிகாரி.
"வேணும்லா சார். நானும் அதுலதான போறேன்.
வளைவுல கொஞ்சம் அங்கிட்டு நவுத்தினாப் போதும்."
"ஒக்கிக்கே நின்ன மரமாக்கும் சார்" என்றாள் ஸ்ரீகுமாரி.
"கொஞ்சம்னா எவ்வளவு?"

மூன்று இரவு, லாரிகள் ஓய்ந்தபின், டேப் பிடித்து அளந்தோம்.
ஒன்றேகால் மீட்டர்.
என் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் வரைபடம் போட்டார்கள்.
ஒருத்தி இலைகளையும் வரைந்துவிட்டாள்.
அழிக்கச் சொல்லவில்லை.

ஏழு நின்றது. நாலு போயிற்று.
வெற்றி என்று லட்டு வாங்கி வந்த பையனை
யாரும் திட்டவில்லை. யாரும் எடுக்கவுமில்லை.

ஆறாம் எண், அந்த வாகை.
கிளைகளை இறக்கி, தடியில் கை வைத்தபோது
ரம்பம் அலறி நின்றது.
"எவம்லே இதுக்குள்ள ஆணிய வச்சது?"
பல் போன சங்கிலியை மாற்ற முக்கால் மணி நேரம்.
அந்த முக்கால் மணி நேரமும்
மொட்டைத் தடி வெயிலில் நின்றது.
கீழே, நிழல் இல்லாத இடத்தில், நாங்கள்.

மூன்று விரல் உள்ளே, கருநீலக் கறை சுற்றி, அது.
வகுப்பு தொடங்கி ஒன்பது வருடம்.
வருடத்துக்கு மரம் இவ்வளவு பருக்கும் என்று வைத்தால்
எனத் தானாகக் கணக்குப் போட்டது மனம்.
என்னுடையதாக இருக்கலாம்.
அதே மரத்தில் மூலம் பவுத்திரமும் இருந்தது.

நோட்டை அங்கேயே திறந்தேன்.
பார்வதிபுரம், ஐந்தாம் வாரம், விடுபட்டவை: நான்கு.
மாகீன் எட்டிப் பார்த்தான்.
"நாலா?"
"நாலு."

இந்த ஞாயிறு இருபத்தேழு பேர்.
லட்டுப் பையன் சொந்தமாகக் குறடு வாங்கியிருக்கிறான்,
விலைச்சீட்டைக்கூடக் கிழிக்கவில்லை.
மண்டபத்தில் கல்யாணமாம், ஏணி கிடைக்கவில்லை.
கை எட்டுகிற உயரம் வரைக்கும்தான் இன்று.